சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த ரத்தம்

– உங்க வீட்டுக்காரர் உள்ள வரலையாம்மா?

– பாத்ரூம்ல இருக்கார் டாக்டர். அடுத்து நாமதான்னு நர்ஸம்மா சொன்னதும் வயித்தைக் கலக்கிடுச்சு. என்கிட்டயே சொல்லுங்க.

– நல்ல சேதி இல்லம்மா.

– சொல்லுங்க. நல்ல சேதி கேட்டு எங்களுக்கும் பழக்கமில்ல.

– பாருங்க, செரோடோனின்னு ஒண்ணு. பெரும்பாலும் குடல்லதான் சுரக்குது. சாப்பிட்டா ரத்தத்துல கொஞ்சம் ஏறும். சாப்பிட்ட கையோட பாத்ரூமுக்கு ஓடுற இவர மாதிரி ஆளுங்க பலருக்கு இன்னும் கூடவே ஏறுது. அதைக் காட்டத்தான் எங்க ஆராய்ச்சியில சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி நாலு தடவை ரத்தம் எடுத்தோம்.

– ஆமா, கையெல்லாம் கன்னிப்போயிருந்துது.

– அஞ்சும் ஒரே அளவு. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி.

– அப்போ அவர் நடிக்கிறார்ங்கறீங்களா?

– நான் சொல்ல மாட்டேன். இதை மட்டும் வெச்சு நோய் இல்லன்னு சொல்லவும் முடியாது. ஆனா அவர் டிரைவரா இருக்கற பஸ் கம்பெனி அப்படித்தான் சொல்லும். ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல. அவரை ஆபீஸ் வேலைக்கு மாத்தச் சொல்லி வாதாட, என் கையில இருந்தது இது ஒண்ணுதான்.

– இன்னொரு தடவை எடுங்களேன் டாக்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

– ஆராய்ச்சியே முடிஞ்சுபோச்சும்மா, ஆளுக்கு ஒரு தடவைதான். ரிப்போர்ட்டும் காலையில கம்பெனிக்குப் போயிடுச்சு. அனுப்பச் சொல்லி அவரேதான் கையெழுத்துப் போட்டார்.

– போச்சு. வேலையை விட்டே தூக்கிடுவாங்க. ஒரு நாள் நாப்பது பேரை நடுரோட்டுல விட்டுட்டு இறங்கி ஓடினாரே, அன்னையிலேர்ந்து வண்டியில ஏறினா இறங்கற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாது டாக்டர். அந்த மனுஷன் நடிக்கிறாராம்.

– எனக்கு ஒண்ணுதான் புரியல. நல்ல வயிறா இருந்தாக்கூட சாப்பிட்டா கொஞ்சமாவது ஏறணும். அன்னைக்கு நாங்க குடுத்ததை முழுசா சாப்பிட்டாரா? தட்டு காலின்னு நர்ஸ் எழுதியிருக்காங்க.

– காலிதான்.

– ஏம்மா அழறீங்க?

– முதல் வாயை எடுத்தார். மதியம் வண்டி எடுக்கணுமே, வழியில வந்துட்டா என்னடி பண்ணுவேன்னு என் முகத்தையே பார்த்தார். அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா வெளிய போனாங்க. எனக்கு மனசு கேக்கல டாக்டர். தட்டை வாங்கி அவ்வளவையும் நான்தான் சாப்பிட்டேன்.