மாடியில் கம்ப்யூட்டர், கீழே போன்

தேவேந்திரன்: ...ஒரே போன் லைன்தான அண்ணாச்சி. அதை ரெண்டு கம்ப்யூட்டரும் பங்கு போடுது. ஒண்ணு நெறைய இழுத்தா மத்தது பட்டினி.

காசிலிங்கம்: மெதுவா வந்தா பரவாயில்லடே. ஒன்னைய ரிப்பேருக்குக் கூப்பிட்டது அதுக்கில்ல. சாயங்காலமானா நெட்டு மொத்தமா அந்துல்லா போவுது. பிரவுசிங் சென்டர்னு போர்டு வச்சிட்டு... வந்தவனெல்லாம் எந்திச்சிப் போறான்.

தேவேந்திரன்: மூலையில உள்ள கம்ப்யூட்டர்ல எழுதிப் பேசுத சாட்டு ஒண்ணு எப்பமும் திறந்தே கெடக்கு. மூடிரட்டுமா?

இசக்கிச்செல்வி: வேண்டாம் தம்பி. அதுல கை வைக்காத.

காசிலிங்கம்: ஏன்ட்டி, யாருது அது?

இசக்கிச்செல்வி: என்னுதுதான்... சமையல் குறிப்பு கேக்கேன்.

காசிலிங்கம்: கேட்டியாடே? கட்டுன நாள்லருந்து ரசத்துக்கு உப்பு பாக்க நான்தான் போணும். இவ சமையல் கேக்காளாம்.

தேவேந்திரன்: அது இருந்துட்டுப் போவட்டும். அதனால மெதுவாகும், அந்து போவாது. கீழ வீட்டுல இதே லைன்ல போன் இருக்கா?

காசிலிங்கம்: ...இருக்கு.

தேவேந்திரன்: அப்பம் அதான். மேல நெட்டு ஓடும்போது கீழ யாராச்சும் ரிசீவர எடுத்தா பொட்டுன்னு கட்டாயிரும். சாயங்காலம் அங்கன யாரு இருப்பா?

இசக்கிச்செல்வி: யாருமில்லையே. நான் இங்கன இருப்பேன். இவுக காப்பி குடிக்கக் கீழ போவாக...

காசிலிங்கம்: ஏலே, வேலையப் பாருலே.

தேவேந்திரன்: முடிஞ்சிட்டு அண்ணாச்சி. கீழ போன எடுக்காம இருந்தா போதும். அக்கா, உங்க சாட்டுல என்னமோ வந்திருக்கு, பாருங்க. நான் வாரேன்.

காசிலிங்கம்: சரி, பைய எறங்கு, படி இருட்டா கெடக்கு... ஏட்டி செல்வி. ஏன் அழுத?

இசக்கிச்செல்வி: கலை எழுதியிருக்கா.

காசிலிங்கம்: அந்தப் பேர இந்த வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு...

இசக்கிச்செல்வி: எடுப்பேன். புன்னக்காயல் பையனோட போயிட்டான்னு குறுக்குத்துறை ஆத்துல ஊரு பாக்க முங்கித் தலைமுழுகினது நீங்க. நான் முழுகலல்லா. தெனமும் இதுலதான் என் மவகூட பேசுதேன். நல்லாப் பேசிட்டு இருக்கும்போதே அந்து போவும்...

காசிலிங்கம்: இப்பம்... என்னவாம்?

இசக்கிச்செல்வி: வேலைய விட்டுட்டு ஊரை விட்டே போறாளாம். எங்கன்னு சொல்லமாட்டாளாம். இதுலயும் இனி வரமாட்டாளாம்.

காசிலிங்கம்: ஏன்? அந்த கிளமென்ட் பய அடிச்சானா?

இசக்கிச்செல்வி: அந்தப் பிள்ள தங்கம். யாரோ தெனமும் அவ ஆபீசுக்குப் போன் போடுதானாம். பேச மாட்டானாம். மூச்சு மட்டும் கேக்குமாம். 'அப்பா ஆளு விட்டு வேவு பாக்காவ, எங்கள வெட்டிருவாவ'ன்னு நடுங்குதா. வயித்துல பிள்ளையோட ஓடுதா...

காசிலிங்கம்: வயித்துலயா?

இசக்கிச்செல்வி: இன்னும் கேளுங்க. நான் சாட்டுலருந்து போனதும்தான் அந்தப் போன் வருமாம். 'நான் சீட்டுல இருக்கேன்னு நீதான் சொல்லிக் குடுக்கியாம்மா'ன்னு கேக்கா. என்னையப் போயி... நான் எங்க போனேன், லைன்தான அந்து...

காசிலிங்கம்: செல்வி...

இசக்கிச்செல்வி: ...ஏங்க. கீழ போன எடுத்தது யாரு?

காசிலிங்கம்: மொதல்ல அவளுக்கு எழுது. அது வேவு பாக்க விட்ட ஆளு இல்லன்னு எழுது. சீக்கிரம்.

இசக்கிச்செல்வி: அவ போயிட்டா. பேரு அணைஞ்சி போச்சு, பாருங்க. யாரு எடுத்தா?

காசிலிங்கம்: அவ கூட்டுக்காரி சித்ரலேகாகிட்ட கெஞ்சி ஆபீசு நம்பர் வாங்கினேன்ட்டி... 'அலோ, யாரு, அலோ'ம்பா. தலைமுழுகினவன் என்னன்னு பேச? கொரல மட்டும் கேட்டுட்டு வச்சிருவேன்.