பதில் எழுதிய இடம்

— பத்திரிகைய கீபோர்டு மேல வைக்காதீங்க குரு. மஞ்சள் ஒட்டுது.

— முதல் பத்திரிகை கபாலிக்கு, ரெண்டாவது உனக்கு. ஞாயித்துக்கிழமை மயிலாப்பூர்ல கல்யாணம், வந்துடு சிம்ரா. நானும் வந்தாகணுமாம், மாப்பிள்ளைங்கறதால.

— வர்றேன். மொதல்ல மெஷினப் பாருங்க. சாயங்காலம் இது கிண்டி கஸ்டமருக்குப் போகணும். இப்பவும் அதே மெசேஜ்தான்: ‘ரெண்டாவது ப்ராசசர்கிட்டேர்ந்து பதில் இல்லை.’

— சோம்பேறி. முதல் ப்ராசசர் பாவம், தான் முழிச்சுண்ட கையோட அவளை ரெண்டு தடவை தட்டி எழுப்பறான். எழுந்ததும் அவ ‘வந்துட்டேன்’னு ஒரு இடத்துல எழுதணும். இவன் அஞ்சு செகண்ட் அந்த இடத்தையே முறைச்சுண்டிருப்பான். ஒண்ணும் வரலேன்னா, ஆளே இல்லேன்னு தனியாக் கிளம்பிடுவான்.

— அதென்ன, தூங்கறது மட்டும் பொண்ணு? அதுவும் அஞ்சே செகண்டா?

— மெஷினுக்கு அது யுகம். நான் பத்து நாள் முறைச்சேன்.

— எதை?

— சுவரை. விடு.

— குரு, இங்க வாங்க. இவ முழிச்சுதான் இருக்கா! எழுதியும் இருக்கா. நாலு பைட் தள்ளி.

— எப்படி?

— எழுப்பற ஃபைல் மட்டும் பழைய டைரக்டரிலேர்ந்து கம்பைல் ஆகுது. அவ பழைய இடத்துல எழுதறா, இவன் புது இடத்துல தேடறான்.

— ஜனவரிலயே எல்லாத்தையும் புதுசுக்கு காப்பி பண்ணிட்டேனே?

— பண்ணீங்க. எங்கிட்ட யாரு சொன்னா? நான் பிப்ரவரி முழுக்கப் பழசுலதான் வேலை பாத்தேன்.

— ...பழசுலயா?

— ஏன், மொகமே மாறிடுச்சு?

— அந்த எழுப்பற ஃபைல்லதான் உனக்கு ஒரு கமெண்ட் போட்டேன், மெஷின் படிக்காம தாண்டிப் போற வரியா. ‘எங்காத்துலயும் அடி விழும், உங்க வீட்டுலயும் விழும். பரவால்லேன்னா கீழ எழுது’ன்னு. மறுநாள்தான் காப்பி பண்ணினேன். புது ஃபைலைத் தினமும் பாத்தேன். கீழ ஒண்ணுமே இல்ல.

— நீங்க... அத படிக்கவே இல்லையா?

— எதை?

— ஒண்ணுமில்ல. தள்ளுங்க, நானே சரி பண்றேன். பழச திறக்காதீங்க. குரு, வேணாம்!

— ‘பரவால்ல. அத்தாகிட்ட நானே பேசறேன்.’ தேதி ஜனவரி இருபத்தஞ்சு... சிம்ரா, நான் பொண்ணு பாக்கப் போனது பிப்ரவரி ரெண்டு.