ஓடலைன்னா குப்பை

ஹலோ... ஹலோ, பாப்பாவா? அப்பாதான். ...கட் பண்ணிடாத, கட் பண்ணிடாத! ...அம்மா கடைக்குப் போயிருந்தா போகட்டும். போனை வெச்சிட்டுப் போனதும் நல்லதாப் போச்சு. எனக்கு உன்கிட்டதான் பேசணும். ...ஒண்ணும் ஆகலம்மா, நல்லாத்தான் இருக்கேன். பார்சல் ஆபீஸ்ல நிக்கிறேன். ...ஆமா, உனக்குப் போன் அனுப்பத்தான். அந்தப் போன்ல இருந்துதான் இப்போ பேசுறேன்.

...இல்ல இல்ல, வெட்டியா கூப்பிடல. இது சோதனை. பழைய எலெக்ட்ரானிக் சாமான் எதையும் இனிமே சும்மா அனுப்ப முடியாதாம். சட்டம் வந்திருக்கு. ஓடுதுன்னு காட்டினாதான் அது பொருள். ஓடலைன்னா குப்பை. குப்பையை நாடு தாண்டி அனுப்பக் கூடாது. ...ஆமாடா, அதிகாரி எதிர்லயே உட்கார்ந்திருக்கார். அவர் கையைக் காட்டுற வரைக்கும் நாம லைன் அறுபடாம பேசணும். நடுவுல போச்சுன்னா கோளாறுன்னு எழுதி, அவர் காலடியில ஒரு பெட்டி இருக்கு, அதுல தூக்கிப் போட்டுடுவார். திருப்பித் தரமாட்டார்.

...ஆமா. ...ஆமா, ஆமா. ...அட, உங்க பாடத்துலயே இருக்கா? ...ஈயம், ம். ...பாதரசம். ...காட்... என்னது? வாயில நுழையலையே! ...அதேதான், அதேதான் இவரும் சொன்னார். பழுதானதை எல்லாம் "பழசு"ன்னு எழுதி கன்டெய்னர்ல ஏத்தி விட்டுடுறாங்களாம். போய் இறங்குற எடத்துல செம்புக்காக வயரைப் போட்டு எரிக்கிறாங்க. அந்தப் புகையைச் சின்னப் புள்ளைங்க குடிக்குது. ...சட்டம் நல்ல சட்டம்தான். நான் ஒண்ணும் சொல்லல. என்ன, அது நம்ம தலையில வந்து விடியுது.

...ஐயோ, அதை ஏன் கேக்குற. கீறல் போகட்டும்னு நேத்து பேஸ்ட் போட்டுத் தேய்ச்சேன். பளபளன்னு ஆயிடுச்சு. இவர் வாங்கி மோந்து பாத்துட்டு, "போனுக்குப் பல் விளக்கி விட்டியா"ன்னு கேக்குறார்! ...சிரி, சிரி. உனக்குச் சிரிப்பா இருக்கு. என்னத்தையோ மறைக்கிறான்னு அவருக்குச் சந்தேகம். அதான் இவ்வளவு கெடுபிடி. மத்தவங்களுக்கெல்லாம் ஆன் பண்ணிப் பாத்துட்டு விட்டுட்டார்.

...எனக்கா? எனக்கு ஒரு பட்டன் போன் வாங்கிட்டேன். கீழ விழுந்தா தரைக்குத்தான் அடிபடும், அப்படி ஒரு போன். ...எனக்குப் பேச்சுதானே வேணும், அது போதும். இனிமே அம்மாவுக்கு அடிச்சு, அவ உன்னைத் தேடி, குளிக்கிறா, படிக்கிறா, தூங்கிட்டான்னு... அந்த வம்பே வேண்டாம். நேரா உனக்கே அடிப்பேன். ...இல்லம்மா, தொந்தரவு பண்ண மாட்டேன். ரெண்டு வார்த்தை. ரூம்ல கூட இருந்தவன் ஊருக்குப் போனவன் போனவன்தான், திரும்பி வரல. ஷிப்டு முடிஞ்சு வந்து சுவத்துக்கிட்டயா பேச முடியும்...

...பாப்பா, அது என்ன சத்தம்? ...உன் பக்கத்துலதான். பாட்டு மாதிரி. ...போன் அடிக்குது போலிருக்கே. அம்மா போன்லதான் நாம பேசுறோம். அப்போ அது யாருது?

...

ம்.

...மாமா வாங்கிக் குடுத்தாரா. ...எப்போ? ...பரீட்சைக்கு முன்னாடியேவா. ...இல்லம்மா, திட்டல. எதுக்குத் திட்டப் போறேன். ...அம்மாதான் சொல்ல வேண்டாம்னாளா. ...அப்பா ஆசையா அனுப்புறேங்கறார், மனசு கஷ்டப்படும்னு. ...ம். சரிதான். அவ சொன்னது சரிதான். ...விடு, விடு. நல்லதுதானே.

...நல்ல போனா? ...அப்படிப் போடு! ராத்திரியில எடுத்தாலும் போட்டோ தெளிவா விழுதா? இது அதுக்குப் பக்கத்துலகூட நிக்காது. ...நம்பர் என்னம்மா? ...சரி, அப்புறம் மெசேஜ் போடு. மறந்துடாத.

...மறுபடியும் அடிக்குது பாரு. ...யாரு, சிநேகிதியா? ...எடு, எடு. பேசிட்டு வா, நான் இருக்கேன். இதை மட்டும் வெச்சிடாத. அப்படியே மேஜை மேல போட்டுட்டுப் போ.

...

நல்லா சிரிக்கிறா.

...

பாப்பா? ...இன்னும் அங்கதான் பேசிட்டிருக்கியா?

...

சார்? ...ஆமா சார், லைன் இருக்கு. பேசிட்டுதான் இருக்கோம். ...சும்மா காதுல வெச்சிட்டு நின்னா கணக்குல வராதா? இதோ, இதோ பேசுறேன் சார்.

ஆமாம்மா. ...ஆமா, ஆமா. ...சாப்பிட்டேன், சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா? ...அப்படியா. ...குளிர்தான், என்ன பண்றது. ...ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுதான் போறேன். ...சரி. உடம்பைப் பாத்துக்கறேன். ...எனக்கும்தான்டா. ...எனக்கும்தான். ...இல்ல இல்ல, நீ சொல்லு. எனக்கென்ன அவசரம். எவ்வளவு நேரம் வேணும்னாலும்...

ஹலோ?

ஹலோ... பாப்பா?

...

சார். ...இல்ல சார், என் கை படல. ...அந்தப் பக்கம் வெச்சுட்டாங்களான்னா கேக்குறீங்க? ...அப்படின்னா பரவாயில்லையா, பாஸ்னு எழுதிடுவீங்களா.

...

சேச்சே. என் பொண்ணு அப்படியெல்லாம் வெக்க மாட்டா சார். பாதிப் பேச்சுல, பாத்தீங்கல்ல. ...இல்ல சார், திரும்ப அடிச்சுப் பாக்க வேண்டாம்.

போன்தான் சார் கோளாறு. ...ஆமா. சிம்மை மட்டும் எடுத்துக்கறேன். ...போட்டுடுங்க.