பெல்ட்டில் வந்த முடிச்சு

— கைய எடுடி! குப்பை பெல்ட்டு ஓடுது, விரல் போயிடும்!

— இரு சித்தி... இதப் பாரு.

— என்னத்த பாக்குறது? எண்ணெய் கவரு. தொட்டியில போடு.

— முடிச்சப் பாரு.

— ஊரே முடிச்சு போடுது. கண்ணாடி வருது, கையக் கிழிச்சுக்காத.

— ஊரு கசக்கித்தான் எறியும். இது கழுவி, நீளமா மடிச்சு, ரெண்டு சுத்து சுத்தி, வாலை உள்ள சொருகி... சும்மா விட்டா உருளையில சுத்திக்கும்னு இந்த பெல்ட்டுல நின்னவங்களுக்குத்தான் தெரியும்.

— நின்னவங்க எத்தனையோ பேரு.

— இடக்கையால சொருகினவ ஒருத்திதான். அக்கா.

— காந்தத்துல டின்னு சிக்கியிருக்கு... அத எடு.

— பேச்ச மாத்தாத.

— செத்தவளப் பத்தி வேலை நேரத்துல என்னடி பேச்சு?

— செத்தவ கவர் கழுவுவாளா? தொட்டுப் பாரு. உள்ள இன்னும் ஈரம்.

— எங்கயாச்சும் மூலையில கிடந்த பழைய கவரா...

— தேதிய பாரு. போன வாரம் அடைச்சது.

— கத்தாத!

— இது முதல் தடவையும் இல்ல. மழை ஆரம்பிச்சதுலேருந்து வருது. நான் எடுக்குறதுக்குள்ள உன் கை வந்து பிடுங்கிடுது. ஏன் சித்தி?

— கவரு பொறுக்குறது என் வேலை.

— தொட்டியில அமுக்குவ. பிரஸ்ல நசுங்கி மூட்டையாகும். உருக்குற இடத்துக்குப் போய், குருணையாகி, எவன் வீட்டு வாளியாவோ வந்து நிக்கும். அப்புறம் எவளும் கேக்க மாட்டா. அதுக்குத்தானே?

— ...ஆமா.

— என்ன ஆமா?

— கை நிக்கக் கூடாது. மேல கண்ணாடி ரூம்லேருந்து சூப்பர்வைசர் பாக்குறான். பொறுக்கிக்கிட்டே கேளு... ஆத்துப் பாலத்துல கிடந்துச்சே அவ செருப்பு. வச்சது நான்தான்.

— சித்தி!

— என்னப் பாக்காத, பெல்ட்டப் பாரு. உன் அத்தான் அவ கழுத்தப் புடிச்சிருந்தான். நான் கதவை இடிக்கலேன்னா நிஜமாவே போயிருப்பா. செத்தவளத் தேட மாட்டான்ல... பஸ் ஏத்தி விட்டேன். எப்பத் திரும்பி வந்தாளோ, தெரியல.

— அம்மா அழுது அழுது பாதியாப் போச்சு. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

— உனக்கு வாய் நீளம்டி.

— எங்க இருக்கா?

— எந்தத் தெருன்னு நான் கேக்கவே இல்ல. முடிச்சு வந்தா உயிரோட இருக்கான்னு அர்த்தம். அமுக்கிட்டு அடுத்த கவர எடுத்துடுவேன். கைப்பழக்கம், பாவி மகளுக்கு இன்னும் போகல... நீ மூச்சு விட்டுடாத. அவன்கிட்ட முக்கியமா. குப்பை வண்டி ஓட்டுறவன், எந்த வண்டி எந்தத் தெருன்னு விரல் நுனியில வச்சிருக்கான்.

— ஐயோ... பொண்டாட்டி போய் ஒடிஞ்சு போன மனுஷன்னு நெனச்சேன் சித்தி... நேத்து உன் கைக்குத் தப்பின ஒரு முடிச்ச எடுத்துட்டுப் போய்க் காட்டினேன், எந்த வண்டியில வந்துச்சுன்னும் சொன்னேன். என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. இன்னிக்கு டூட்டி மாத்தி அந்த வண்டிய அவருதான் எடுத்துட்டுப் போயிருக்காரு... வாசல் வாசலா இறங்கி, ஒவ்வொரு பையா பிரிச்சுப் பாக்கப் போறாராம்.