கண்ணாடிப் பெட்டிக்குள் கிளிப்பச்சை

வருகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்றுகிறார்கள், பரணி. இங்கே யாரும் கழற்றச் சொல்லவில்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. ஐந்து கருங்கல் தூண்களைப் பார்த்ததும் கால் தானாகச் செருப்பை உதறிவிடுகிறது. போன ஞாயிறு ஜோடி மாறிப்போய் இரண்டு பேருக்குள் வாய்த்தகராறு. அதனால் வாசலில் ஒரு மர அலமாரி அடித்து வைத்திருக்கிறேன்.

மாலையில் கேட்டைச் சாத்தியதும் உன் தூணுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, அன்றைக்கு வந்தவர்கள் சொன்னதையெல்லாம் உனக்குச் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. செத்துப்போன மகனோடு பேசுகிற தகப்பனை ஊரில் யாரும் பைத்தியம் என்பதில்லை, இரக்கப்படுகிறார்கள். நினைவகத்தின் சாவியை என்னிடம் ஒப்படைத்ததும் அந்த இரக்கத்தில்தான். பனியன் வேஸ்ட் குடோன் எரிந்த அதே இடத்தில் கட்டியிருக்கிறார்கள். பிகாஷ், சுசாந்த், தீபக், மனோஜ் என்று ஒடிசாவிலிருந்து நம் கம்பெனிக்குத் தைக்க வந்த நான்கு பையன்கள், ஐந்தாவதாக நீ. 'ஆறுமுகசாமி மகன் பரணி' என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது.

வருகிறவர்கள் பலவிதம். திறப்பு விழாவுக்கு வந்த மந்திரி தூண்களுக்கு முதுகையும் கேமராவுக்கு முகத்தையும் காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து, வரிசை கலையாமல் அழுதுவிட்டுப் போனார்கள். டீச்சர் முன்பே சொல்லி வைத்திருப்பார். பிகாஷின் அப்பா ரயில் மாறி ரயில் ஏறி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவன்தான் ஆறுதல் என்று நினைத்திருப்பார். நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நல்ல மனிதர், பாவம்.

எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது நடுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால்தான். அதற்குள் ஒரு கிளிப்பச்சை பனியன் விரித்து வைத்திருக்கிறது. அன்றைக்கு நீங்கள் ஐந்து பேரும் போட்டிருந்தவை எரிந்துபோயின. இது பையன்களின் அறையில் போடாமல் மிஞ்சிக் கிடந்தது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் குனிந்து தையலைப் பார்க்கிறார்கள். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. திருப்பூரில் பிழைக்கிறவன் சாமிக்குச் சாத்திய துணியைக்கூட ஓரம் மடித்துப் பார்ப்பான். போன வாரம் ஒரு எக்ஸ்போர்ட்டர் வந்திருந்தார். பக்கத்தில் மனைவி விசும்பிக்கொண்டிருக்க, "துணி நூத்தி அறுவது ஜிஎஸ்எம் இருக்குமுங்களா?" என்று என்னிடம் கேட்டார். நூற்று எண்பது என்று சொன்னேன். என் துணியின் கனம் எனக்குத் தெரியாதா?

வாசலில் கூட்டிப் பெருக்குகிறவள் மயிலாள். சம்பளத்துக்கு இல்லை, வேண்டுதல் மாதிரி தினமும் வருகிறாள். அவள் புருஷன் நல்லான்தான் எரிந்த குடோனுக்குக் காவல்காரன். உள்ளூர் அடியாள் ராஜ்கமலின் ஆட்களுக்குப் பச்சைப் பனியன் என்று உங்களை அடையாளம் சொன்னதும், நீங்கள் உள்ளே ஓடியதும் கதவுக்கு வெளியே தாழ் போட்டதும் அவன் என்று வழக்கு. இன்னும் ஜெயிலில் இருக்கிறான். தினமும் கூட்டி முடித்ததும் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நிற்பாள்.

"சாமி, அவரு அந்தப் பசங்களுக்குத் தண்ணி ஊத்தத்தானுங்க ஓடுனாரு. பையனப் பறிகொடுத்த நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கோர்ட்டுல உட்டுருவாங்க."

"கோர்ட்டு பாத்துக்கும், கண்ணு" என்பேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போவாள். அடுத்த மாதம் நான் சாட்சி சொல்ல வேண்டும்.

இன்று மத்தியானம் கருத்தம்மா வந்தாள். உனக்கு நன்றாகத் தெரியும், நம் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள், தெற்கத்திக்காரி. நீங்கள் போன அன்றைக்கே மகள் பிரசவத்துக்கு என்று ஊருக்கு ரயில் ஏறியவள், இப்போதுதான் திரும்பியிருக்கிறாள். உன் தூணைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்றாள். வெகு நேரம் நின்றாள். அவள் துணியைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் நான் எழுந்து பக்கத்தில் போனேன்.

"அண்ணாச்சி, இது நம்ம லாட்டுல்லா? வலது கை ஒரு பச்சை, இடது கை ஒரு பச்சை. நான்தான ரிஜெக்ட்டுன்னு ஒதுக்குனேன். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கொடுக்கணும்னு நீங்க சொல்லி, லேபிளை வெட்டிக் கொடுத்ததும் நான்தான்."

"ஆமாங்கம்மா" என்றேன்.

"அப்ப மறுநாள் கிரிக்கெட் மேட்சுக்குத்தான் முதமுதல்ல போட்டிருக்கானுவ. காதர்பேட்டைக் கடையில வாங்குனது, வாராவாரம் போடுவானுவ, நல்லான் பார்த்து வச்சிருந்தான்னு பேப்பர்ல எழுதியிருக்கான். குடோன்ல கெடந்த மனுசனுக்கு எப்படித் தெரியும் அந்தப் பச்சை? நம்ம கம்பெனிக்குள்ள இருந்த எவனோல்லா வெளிய சொல்லியிருக்கணும்?"

என்னை அவள் சந்தேகமாகப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவுக, உங்களுக்கு நியாயம் கிடைக்கணும். திங்கக்கிழமை நல்லானோட வக்கீலப் பார்த்துச் சொல்லிருதேன்" என்றாள். சரி என்றேன்.

ஆகவே இதுவரை உனக்குச் சொல்லாததை இன்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கோபப்படாமல் கேள்.

ஆரம்பம் உன்னிடமிருந்துதான், ஆனால் உன்னைக் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் தைத்துக்கொண்டிருந்த பையன்களுக்கு நீதான் லீவு வாங்கிக் கொடுத்தாய். கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தாய். அடுத்து, அவர்கள் நான்கு பேரும் சேர்ந்தாற்போல் காங்கேயம் ரோட்டுப் பெரிய கம்பெனிக்குப் போகப்போவதாகச் சொன்னபோது, "அங்க ரூம் நல்லா இருக்குதுங்ப்பா, போவட்டும் உடுங்க" என்றாய். ஷிப்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. மிஷினில் உட்கார ஆளில்லாமல் நான் என்ன செய்வேன் என்று நீ கேட்கவில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

அதற்குச் சில மாதம் முன்பு பேக்கரியில் இந்திக்காரப் பையன் ஒருவனை உள்ளூர் ஆட்கள் அடித்தார்கள், நினைவிருக்கிறதா? பயந்துபோய் நம் பையன்கள் இரண்டு வாரம் கேட்டுக்கு வெளியே தலை காட்டவில்லை. சாப்பிட்டார்கள், தைத்தார்கள், தூங்கினார்கள். நம் கம்பெனியில் அந்த இரண்டு வாரம் வேலை நடந்த மாதிரி முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. பயந்தவன் வேலையை விட்டுப் போக மாட்டான் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். வெளியே ஆபத்து என்றால் என் ஷெட்டுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. யோசித்துப் பார்த்தால் அது அவர்களுக்கும் நல்லதுதானே.

ராஜ்கமலைக் கூப்பிட்டு, கொஞ்சம் மிரட்டி வை, வேண்டுமானால் இரண்டு தட்டு தட்டு என்றேன். "ஏனுங்ணா, அந்தப் பசங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கறானுங்க, உங்க ஆளுகளை எப்படிக் கண்டுபுடிக்கறது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கிளிப்பச்சை பனியன் என்று சொன்னேன். அந்தச் சனிக்கிழமை ரிஜெக்ட் பீஸைப் பையன்களுக்கு என் கையாலேயே கொடுத்தேன். கூடவே ஒன்றிரண்டு அதிகமாகவும் கொடுத்து, நாளைக்கு மேட்சுக்கு எல்லோரும் இதையே போடுங்கள், டீம் மாதிரி அழகாக இருக்கும் என்றேன். பிகாஷுக்கு அவ்வளவு சந்தோஷம். உன்னையும் உன் அம்மாவையும் ஞாயிறு காலையிலேயே ஈரோட்டுக் கல்யாணத்துக்கு அனுப்பி வைத்தேன். தகப்பனாக நான் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

முகூர்த்தம் முடிந்ததும் நீ பந்தியில்கூட உட்காராமல் மேட்சுக்கு என்று பஸ் ஏறிவிட்டதாக உன் அம்மா பிறகு சொன்னாள். அதிகமாகக் கொடுத்ததில் ஒன்றைப் பிகாஷ் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறான். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். ரிஜெக்ட் பனியன் வாங்கிக்கொண்ட ஆளோடு நிற்காது. தம்பி போடுவான், பக்கத்து ரூம்காரன் போடுவான், கடைசியில் மிஷின் துடைக்கும். இந்த ஊரில் அது இல்லாத அலமாரி கிடையாது. காலமெல்லாம் பனியனோடே பிழைத்தவன், ஆளை அடையாளம் சொல்லப் பனியனைச் சொன்னேன். என் மேல் தப்பு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

சாயங்காலம் ராஜ்கமல் போன் செய்தான். பச்சைப் பனியன்காரன்கள் அடிக்குப் பயந்து குடோனுக்குள் ஓடிவிட்டார்கள், என்ன செய்வது என்று கேட்டான். வெளியே தாழ் போட்டு வை, கொஞ்ச நேரம் பயந்து கிடக்கட்டும் என்றேன். தீ வைக்கச் சொல்லவில்லை. அது எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. கூரை வரைக்கும் கட்டிங் வேஸ்ட் அடைத்து வைத்த இடம், ஒரு பீடித் துண்டு போதும். நம் மொட்டை மாடியிலிருந்தே புகை தெரிந்தது.

அப்போது உன்னிடமிருந்து போன் வந்தது. நீ ஈரோட்டில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். எடுத்தால், ஓடிப்போய் அவர்களைக் காப்பாற்றுங்கள் என்பாய். உன் குணம் எனக்குத் தெரியும். கட் செய்தேன். மறுபடியும் அடித்தது, மறுபடியும் கட் செய்தேன். அதற்குப் பிறகு அடிக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது, பரணி. நீ எங்கிருந்து பேசுகிறாய் என்று மெசேஜ் அனுப்பியிருக்கலாம்.

போலீஸ் வந்து கேட்டபோது யாருடைய பெயரையாவது சொல்ல வேண்டியிருந்தது. நல்லானுக்கு அந்தப் பையன்களைக் கண்டாலே ஆகாது என்று சொன்னேன். பனியன் காதர்பேட்டையில் வாங்கியது, எல்லா ஞாயிறும் போடுவார்கள் என்றும் சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்தவன் சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ராஜ்கமலும் என் பேரைச் சொல்லவில்லை. திடீர்த் தகராறு என்று அவன் வக்கீல் வாதாடுகிறார். என்னைக் காட்டிக் கொடுத்தால் திட்டம் போட்டுச் செய்ததாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

எல்லாம் ஒருவாறு அடங்கியிருக்கிற நேரத்தில்தான் கருத்தம்மா வக்கீலிடம் போகிறேன் என்கிறாள். அவள் வாயைத் திறந்தால் நல்லான் வெளியே வருவான், அடுத்த கேள்வி நம் கம்பெனிக்குள் வரும். இந்தக் கல்லில் உன் பெயருக்கு முன்னால் என் பெயர் இருக்கிறது. அதை உளியால் கொத்தி எடுத்தால் உன் பெயரும் சேதமாகும். வருகிறவர்கள் உன்னைக் கும்பிட்டுப் போகிற இடத்தில் எச்சில் துப்பிவிட்டுப் போவார்கள். உனக்காகத்தான் யோசிக்கிறேன்.

அவள் கிளம்பியதும் ராஜ்கமலுக்குப் போன் செய்தேன். ஜாமீனில் வந்திருக்கிறான். அவளை ஒன்றும் செய்துவிடாதே, திங்கட்கிழமை வக்கீல் பக்கம் போகாதபடி கொஞ்சம் பயமுறுத்து போதும், அவிநாசிபாளையம் போகிற பஸ்ஸுக்கு நம் வீட்டுத் திருப்பத்தில்தான் நிற்பாள் என்றேன். "ஆளை எப்படிங்ணா தெரியும்?" என்று பழையபடியே கேட்டான். கத்தரிப்பூ நிறச் சேலை என்று சொன்னேன்.

ஆயுத பூஜைக்கு நம் கம்பெனிப் பெண்கள் எல்லோருக்கும் உன் அம்மா ஒரே மாதிரி எடுத்துக் கொடுத்தாளே, அந்தச் சேலை. அதே கட்டிலிருந்து தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாள். கருத்தம்மா அவளையும் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன் என்று சொல்லிப் போனாள். உன் அம்மாவைத்தான் தெரியுமே, யார் வந்தாலும் திருப்பம் வரை கூட நடந்துபோய் பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்புவாள். இன்று காலையில் அவள் என்ன கட்டியிருந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

இதோ போன் அடிக்கிறது. அன்புசெல்வி என்று உன் அம்மா பெயரைக் காட்டுகிறது. கருத்தம்மா எதையாவது சொல்லியிருப்பாள், இவள் அழுதுகொண்டே கேட்பாள். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். கட் செய்துவிட்டேன். மறுபடியும் அடிக்கிறது.

நான் நிறத்தை மட்டும்தான் சொன்னேன், பரணி.