அந்தம்மா சொல்லி அனுப்புன பேரு

இல்லண்ணே, உங்க மைக்குல கோளாறு ஒண்ணுமில்ல. அந்த புஸ்ஸுங்கிற சத்தம் என் வாய்ல வர்றதுதான். பேரே அப்படி. லினோஸ்னு சட்டுனு சொல்லிடக் கூடாதாம். ல சொல்ற எடத்துல நாக்கை வச்சுக்கிட்டு, குரலே இல்லாம, ரெண்டு ஓரத்துலயும் காத்தை மட்டும் விடணும். ஹ்லினோஸ். கேட்டுச்சா? வேல்ஸ்காரங்க பேரு. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைங்க, போதும்.

மொத்தம் ஏழு பேரு. நாலு வேல்ஸு, மூணு ஸ்காட்லாந்து. போன வருஷம் மலைப்பாதையில ஒரு சுற்றுலா வேன் உருண்டுச்சே, அதுல செத்துப்போனவங்க. இன்னைக்கு அவங்களுக்கு வருஷ அஞ்சலி. பத்து மணிக்கு அவங்க சொந்தக்காரங்கல்லாம் வந்து முன்வரிசையில உக்காந்துடுவாங்க. நான் பேரை மட்டும் படிக்கணும். வேற பேச்சு கிடையாது.

யாரு படிச்சா என்னவா? நல்லாக் கேட்டீங்க போங்க. ஒத்திகையில ஒரு ஆபீசர் படிச்சாரு. மென்சீஸ்னு எழுத்துல இருந்ததை அப்படியே படிச்சுட்டாரு. அது மிங்கிஸ்ண்ணே! ஆள்தான் போயாச்சு, பேராவது முழுசா இருக்க வேண்டாமா?

அப்புறம்தான் வீட்டுக்காரங்க ஆளுக்கொரு பேரை போன்ல சொல்லிப் பதிவு பண்ணி அனுப்புனாங்க. ரெண்டு மாசமா எனக்கு இதே வேலை. குக்கர் சத்தம் போதாதுன்னு நீங்க வேறயான்னு என் வீட்டுக்காரி தலையில அடிச்சுக்கிறா.

சிரிக்காதீங்கண்ணே. எய்லின்னு ஒரு பொண்ணு, இருபத்திரெண்டு வயசு. அவங்கம்மா அனுப்புனதுல, எய்லி சொல்லி முடிச்சதும் சின்னதா ஒரு மூச்சு இழுப்பு வரும். அதுவும் பேரோட சேர்ந்ததுன்னு நினைச்சு பத்து நாளு இழுத்து இழுத்துப் பழகிட்டேன். என் மகதான் கேட்டுட்டு, அப்பா, அது பேரு இல்ல, அவங்க அழறாங்கப்பான்னா. போனை அணைச்சு வச்சுட்டேன். இப்பவும் அந்தப் பேரு வந்தா இழுப்பு தானா வந்துடுது. முன்னாடி வந்து உக்காரப் போற அந்தம்மா, நம்ம அழுகையை இவன் கேலி பண்றான்னு நினைச்சுட்டா நான் என்ன பண்ணுவேன்?

வந்துட்டாங்க. அந்த பச்சை சட்டை போட்டவங்கதான் எய்லியோட அம்மா, போட்டோவுல பாத்திருக்கேன்.

நானா கேட்டு வாங்குனதில்லண்ணே இது. அவங்கதான் எழுதுனாங்க, என் பொண்ணு பேரை அவரே சொல்லட்டும், சரியாச் சொல்லட்டும்னு. மத்தவங்களும் சரின்னுட்டாங்க. ஆமா, அந்த வேனை ஓட்டுனது நான்தான். தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க.