முழுக்கை ரவிக்கை

முழுக்கை ரவிக்கை எனக்குப் பிடிக்காது. திருத்துறைப்பூண்டி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பது லேசான காரியமில்லை. ஆனாலும் நாலு மாதமாக அதைத்தான் போடுகிறேன். இன்று பாத்திரம் துலக்கக் கையைச் சுருட்டியவள் இறக்கிவிட மறந்துபோனேன். அவருக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மெஷினைத் திருப்பி வாங்க வந்த நர்ஸ் நீங்கள், எழில்மொழி. என் மேல்கையில் இருக்கும் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்துவிட்டது. கேட்டீர்கள், சொல்கிறேன்.

எனக்கும் ஜாஃபர் சாதிக்குக்கும் கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அவருக்குத் துபாயில் கடை வேலை. லீவையெல்லாம் கூட்டிப் பார்த்தால் என்னோடு இருந்தது மூன்று வருடம்கூட வராது. இந்த ஜனவரியில் அங்கே மூளையில் அடைப்பு வந்து, வலது பக்கமும் பேச்சும் போய், சக்கர நாற்காலியில் வந்து இறங்கினார். எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். இனி எங்கேயும் போகமாட்டார் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நீங்கள்தான் மெஷினைக் கொடுத்தீர்கள். நல்ல கையில் பட்டியைக் கட்டினால் ஐந்து நிமிடம் இறுக்கி ரத்தத்தை நிறுத்தும், ஐந்து நிமிடம் விடும். அப்படி ஐந்து தடவை, காலையும் மாலையும். கையை இறுக்கினால் மூளைக்கு என்ன வரும் என்று கேட்டேன்.

"வயலக் காயவிட்டுக் காயவிட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விட்டா பயிரு வறட்சியத் தாங்கப் பழகுதுல்ல, அது மாதிரிம்மா. கைக்கு ரத்தம் நின்னு நின்னு வந்தா, மூளையக் காப்பாத்த உடம்பு பழகும்னு நினைக்கிறோம். இன்னும் உறுதியாகல, ஆராய்ச்சிதான்" என்றீர்கள்.

உறுதியாகவில்லை என்பதை மட்டும் நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் ஒழுங்காகத்தான் கட்டினேன். விரல் அசைந்தது. கமருன்னிஸா என்ற என் பெயர் நீளமானது. "நிஸா" என்று பாதி வந்தாலே போதும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தோராம் நாள் அவருடைய செல்போன் அடித்தது. அதைப் பார்த்து, தெளிவாக, முழுசாக, "மர்யம்" என்றார்.

போனை நான் எடுத்தேன். துபாயில் அவருக்கு இன்னொரு குடும்பம், ஏழு வயதில் ஷிஃபா என்று ஒரு பெண். மர்யம் மரியாதையாகத்தான் பேசினாள். "அக்கா, அவரு குரல ஒரு தடவ கேட்டாப் போதும்" என்றாள். இருபத்தாறு வருடம் எனக்குக் கிடைத்ததும் போனில் வந்த அந்தக் குரல்தானே.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் இடது கையை நீட்டினார். பட்டியை என் கையில் கட்டிக்கொண்டேன். யாருக்கும் கட்டாமல் சும்மா வைத்தால், மெஷின் அதைப் பதிந்து உங்களிடம் காட்டிக்கொடுத்துவிடும். வலிக்கத்தான் செய்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் சில நாள் நாற்காலிக் கையைத் தட்டினார், பிறகு அதையும் விட்டுவிட்டார். மாதாமாதம் நீங்கள் போன் செய்து, "ஒரு வேளகூடத் தவறலம்மா, உங்கள மாதிரி யாரும் பாத்துக்கமாட்டாங்க" என்பீர்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

போன வாரம் மர்யம் பிள்ளையோடு வந்தாள். அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அந்தப் பிள்ளை பயந்து அம்மாவின் பின்னால் போய் நின்றது. டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அவர் சாக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஊட்டுகிறேன், குளிப்பாட்டுகிறேன். பேச்சு வந்தால் அவள் பெயர் வரும், கால் வந்தால் அவள் வீட்டுக்குப் போகும். இரண்டும் வர வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன், நாலு மாதமாக, தினம் இரண்டு வேளை.

மெஷினை எடுத்துக்கொண்டு போங்கள். இனி அது தேவையில்லை. இன்று காலையும் ஏழு மணிக்கு அவர் இடது கையை நீட்டினார். என் கையைப் பிடித்துக்கொள்ள ஆசை போலிருக்கிறது. பிடித்துக்கொண்டேன்.